இரண்டில் ஒன்று

ஓசூர் சிப்காட்டில் காருக்கான தகட்டுப் பாகங்களை அடித்துத் தள்ளும் ஒரு கம்பெனியில் அஜாஸ் பிரஸ் ஆபரேட்டராக இருந்தான். கிருஷ்ணகிரியில் அவன் அப்பா ஜமீர் அகமதுக்குப் பழைய இரும்புக் கடை. கடைக்கே வந்துவிடு என்று அவர் எத்தனையோ முறை கூப்பிட்டும் அவன் போகவில்லை. பாகலூர் ரோட்டில் வாடகை வீடு, அதே கம்பெனியில் வேலை பார்த்துக் கூடவே தங்கியிருந்த ஹரீஷ்குமார், வீட்டுச் சுவரோரம் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கேமிங் கம்ப்யூட்டர். ஷிப்ட் முடிந்து வந்தால் இருவரும் குளித்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரே டீமில் இறங்குவார்கள். முகம் தெரியாத யாரோ மூன்று பேர் கூட இருப்பார்கள். நாளெல்லாம் சூப்பர்வைசர் சொன்னதைக் கேட்ட ஹரீஷ் அங்கே மற்றவர்களுக்கு உத்தரவு போடுவான். கேட்டவர்கள் ஜெயித்தார்கள்.

ஹரீஷின் மெஷின் பெரியது. படம் திக்காமல் ஓட வைக்கும் நீளமான கிராபிக்ஸ் கார்டு, அகலமான கண்ணாடிக் கேபினட். அஜாஸுடையது பழசு. சண்டை சூடு பிடிக்கும் நேரத்தில் படம் திக்கித் திக்கி நிற்கும். "என்னாடா மச்சி, உன் ஆளு நின்ன எடத்துலயே பூஜை பண்றான்" என்று ஹரீஷ் சிரிப்பான். அஜாஸுக்கு அந்தக் கார்டின் மேல் ஒரு கண் இருந்தது. அதை அவன் மறைத்ததும் இல்லை.

பிரஸ்ஸில் கை உள்ளே இருந்தால் மெஷின் இறங்காதபடி தடுக்க ஒரு சென்சார் உண்டு. உற்பத்தி குறைகிறது என்று சில நாள் அதை நிறுத்தி வைப்பார்கள். அப்படி நிறுத்தி வைத்த ஒரு காலை ஷிப்டில் ஹரீஷின் வலது கை உள்ளே இருந்தபோது மெஷின் இறங்கியது. அடுத்த பிரஸ்ஸில் நின்ற அஜாஸுக்குச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. தகடு அடிபடும் சத்தத்தில் எது எங்கே கேட்கப்போகிறது. எல்லோரும் ஓடுவதைப் பார்த்துத்தான் திரும்பினான்.

கட்டை விரல் மட்டும் மிஞ்சியது. பெங்களூரில் ஆஸ்பத்திரி, ஆபரேஷன், மறுபடி ஆபரேஷன். அதன்பின் தளிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊருக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் சாமான்களை எடுத்துப் போக அப்பா சின்னராஜ் பூ ஏற்றும் வண்டியோடு வந்தார். வழியில் குலுங்கி உடைந்துவிடும் என்று கிராபிக்ஸ் கார்டை மட்டும் கழற்றி அதன் அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தது அஜாஸ்தான். கொடுக்கும்போது கை ஒரு கணம் நின்றதும் அவனுக்கு ஞாபகம் இருக்கிறது.

மழைக்காலம் போனபின் ஹரீஷ் கூப்பிட்டான்.

"மச்சி, என் மெஷின் போயிருச்சு. உர மூட்டை ரூம்ல வெச்சிருந்தாங்க. மேல ஷீட்டு ஒழுகி மதர்போர்டு பூரா தண்ணி. கார்டு மட்டும் பெட்டியில இருந்ததால தப்பிச்சுது. நீ உன்னோடத எடுத்துக்கினு வா. ரெண்டையும் பிரிச்சு எது எதுல சேருதுன்னு பாப்போம்."

அஜாஸ் தன் கேபினட்டைப் போர்வையில் சுற்றி, தளி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனான். பஸ் ஏற ஏறக் குளிர் கூடியது. மனசுக்குள் வேறு கணக்கு ஓடியது. எல்லாப் பாகமும் உட்காரும் மதர்போர்டே செத்துவிட்டால் ஹரீஷுக்கு இனி அந்தக் கார்டு எதற்கு? மவுஸ் பிடிக்கவும் கை இல்லை. எடுத்துக்கோடா என்று அவனே சொல்லிவிடுவான். இப்படி நினைத்ததற்காக அஜாஸ் தன்னையே திட்டிக்கொண்டான். ஆனாலும் நினைப்பு நிற்கவில்லை.

ஹரீஷ் இளைத்திருந்தான். வலது கையைத் துண்டுக்குள் வைத்திருந்தான். அம்மா காவேரி காபி வைத்துவிட்டு, மகனையே பார்த்தபடி நின்று, பிறகு போய்விட்டாள். அஜாஸ் இரண்டு கேபினட்டையும் தரையில் படுக்கவைத்துத் திறந்தான். ஹரீஷுடைய மதர்போர்டில் ப்ராசஸரைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருந்தது.

"அது அவ்ளோதான். எஸ்எம்பிஎஸ் பாரு, அடியில தனி மூடிக்குள்ள இருந்ததால தப்பிச்சிருக்கும்" என்றான் ஹரீஷ்.

கரண்ட் கொடுக்கும் அந்தப் பெட்டி தப்பித்திருந்தது. வயரை இணைத்ததும் அதன் ஃபேன் சுற்றியது. ஹரீஷின் ப்ராசஸர் நன்றாக இருந்தாலும் அஜாஸின் போர்டில் உட்காராது, இரண்டும் வேறு வேறு ஜாதி. கார்டு உட்காரும், ஆனால் அஜாஸின் குட்டிக் கேபினட்டுக்குள் அதன் நீளம் அடங்காது, அதற்கு வேண்டிய கரண்டை அவன் எஸ்எம்பிஎஸ் கொடுக்காது. ஆக வழி ஒன்றுதான். அஜாஸின் போர்டும் ப்ராசஸரும் ஹரீஷின் கேபினட்டுக்குள் போக வேண்டும். ஹரீஷின் கார்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் அதோடு சேர வேண்டும். இருவரும் பழையபடி பேசிக்கொண்டே வேலை செய்தார்கள். ஹரீஷ் இடது கையால் டார்ச் பிடித்தான். ஸ்குரூ ஒன்று உருண்டபோது பழக்கத்தில் வலது கை துண்டிலிருந்து வெளியே வந்து, தரையைத் தொட்டு, எடுக்க முடியாமல் நின்றது. அஜாஸ் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டான்.

திரையில் வெளிச்சம் வந்தது. மெஷின் ஓடியது. இப்போது இருவருக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர். அது எங்கே இருக்கும் என்பதை இரண்டு பேருமே அதுவரை பேசவில்லை.

"இங்கயே இருக்கட்டும்டா" என்றான் அஜாஸ். வேண்டாம், நீயே கொண்டு போ என்று ஹரீஷ் மறுப்பான் என்று நம்பித்தான் சொன்னான்.

ஹரீஷ் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சரி" என்றான்.

திரும்பும் பஸ்ஸில் அஜாஸின் மடியில் காலிக் கேபினட் இருந்தது. நல்லது செய்துவிட்டு வருகிற மனசு எப்படி இருக்க வேண்டுமோ அப்படி அவனுக்கு இல்லை. நண்பன் ஒரு வார்த்தைக்காவது மறுத்திருக்கலாம் என்ற கோபம் ஓசூர் வரும்வரை கூடவே வந்தது. பாகலூர் ரோட்டு வீட்டில் அவன் தனியாக, போனில் எதையாவது தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு, சுவரோரம் காலியாகக் கிடந்த மேஜையைப் பார்க்காமல் தூங்கினான்.

மூன்று வாரம் கழித்துச் சின்னராஜ் கூப்பிட்டார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல.

"தம்பி, அத வந்து எடுத்துக்கினு போயிருப்பா. பையன் ரூம விட்டு வர்றதில்ல. சோறு உள்ளயே போவுது, அப்பிடியே திரும்பி வருது. கைக்குப் பயிற்சின்னு டாக்டரு சொன்னத விட்டுட்டான். நாங்க ஏதாச்சும் கேட்டா கத்துறான். எம்புள்ள கத்தி நான் பாத்ததில்ல."

அஜாஸ் போனபோது ஹரீஷ் ஆடிக்கொண்டிருந்தான். மவுஸ் இடது கையில். வலது கையின் கட்டை விரல் கீபோர்டில் ஒரே ஒரு எழுத்தை அழுத்திக்கொண்டிருந்தது. மற்ற எழுத்துக்குப் போக வேண்டுமானால் மொத்தக் கையையும் தூக்கி வைக்க வேண்டும். அதற்குள் அவன் ஆள் சுடப்பட்டு விழுந்துகொண்டே இருந்தான். ஹெட்போன் கழுத்தில் கிடந்தது. அதிலிருந்து யாரோ இந்தியில் திட்டுவது சன்னமாகக் கேட்டது. கன்னடத்தில் ஒருவன் சிரித்தான். கடைசியில் மற்ற நால்வரும் ஓட்டுப் போட்டு அவனை டீமை விட்டு நீக்கினார்கள்.

"தினமும் இதேதானா?" என்றான் அஜாஸ்.

"தினமும்தான். இன்னைக்கு இது நாலாவது."

"கை இப்பிடின்னு சொல்ல வேண்டியதுதானடா."

"சொன்னேன். ஒருநாள் சொல்லிப் பாத்தேன். எல்லாரும் அமைதியாயிட்டானுங்க. ஒருத்தன் சாரி ப்ரோன்னான். அப்புறம் என்னைய ஒரு மூலையில நிக்கவெச்சு, சுத்தி நின்னு காப்பாத்துனானுங்க. ஜெயிச்சுட்டோம். மச்சி, அவனுங்க திட்டுனதே தேவலடா."

வெளியே பாலித்தீன் குடிலில் ரோஜா வெட்டும் ஆட்கள் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா கூப்பிட்டாரா?" என்றான் ஹரீஷ்.

"ஆமா."

"எடுத்துட்டுப் போ."

"கொஞ்ச நாள் பழகுனா வரும்டா. எடது கைலயே..."

"வராது. நாம எவ்ளோ ஆடியிருக்கோம், எனக்குத் தெரியாதா? அங்க நான் யாருன்னு உனக்குத் தெரியும்ல. அந்த ஆளு இனிமே வரமாட்டான். இது இங்க இருந்தா நான் அவனையே தேடிக்கினு கெடப்பேன்." பிறகு, மெதுவாக, "கார்டோட எடுத்துக்கோ. பிரிக்காத. பிரிச்சா ரெண்டுமே வீணு."

இந்த முறை அஜாஸ் மறுத்தான். நிஜமாகவே மறுத்தான். உன் கார்டு உன்கிட்டயே இருக்கட்டும் என்றான். ஹரீஷ் எழுந்து போய், இடது கையால் வயர்களை ஒவ்வொன்றாகச் சுவரிலிருந்து பிடுங்கினான். சின்னராஜே வண்டியில் ஓசூர் வரை கொண்டு வந்து இறக்கினார். இறங்கும்போது, "அவன் ஒனக்கு ஆகாதவன் ஆயிட்டான்னு நெனச்சிராதப்பா" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் அஜாஸுக்கு விடுமுறை. காலையில் மெஷினை மேஜையில் வைத்து இணைத்தான். சும்மா ஓடுகிறதா என்று பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தான். படம் எங்கும் திக்கவில்லை. தூரத்தில் நகர்பவனின் நிழல்கூடத் தெரிந்தது. அவன் இதுவரை ஆடியதெல்லாம் மூடுபனிக்குள் ஆடியது போல இருந்தது. முதல் ஆட்டம் ஜெயித்தான், அடுத்ததும் ஜெயித்தான். முகம் தெரியாதவர்கள் பாராட்டினார்கள். சாப்பாட்டு நேரம் போனது தெரியவில்லை. ஒரு கட்டத்தில் தான் சத்தமாகச் சிரித்தது தன் காதில் விழுந்தபோதுதான் கையை மவுஸிலிருந்து எடுத்தான். ஐந்து விரலையும் பார்த்தான். எழுந்து போய் முகம் கழுவினான். அணைத்துவிடலாம் என்று வந்தான். அணைக்கவில்லை. இன்னும் ஒரு ஆட்டம் என்று உட்கார்ந்தான்.

தொழிற்சாலையில் சென்சாரைச் சில வாரங்களுக்கு யாரும் தொடவில்லை. பிறகு பழையபடி நிறுத்த ஆரம்பித்தார்கள். அந்த நாட்களில் அஜாஸ் கையை உள்ளே விடாமல் தகட்டைக் கம்பியால் தள்ளுவான், வேகம் போதவில்லை என்று திட்டு வாங்குவான்.

ஹரீஷ் ஊரிலேயே பூங்குடிலில் பெட்டி அடுக்கும் இடத்தில் நிற்கிறான் என்று அவன் தங்கை அனிதா சொன்னாள். அஜாஸ் கூப்பிட்டால் சில சமயம் எடுப்பான், பல சமயம் எடுக்கமாட்டான். எடுத்தாலும் மழையைப் பற்றியோ, பஸ் வராததைப் பற்றியோதான் பேச்சு. ஒருநாள் மட்டும் அவனாகவே கேட்டான்.

"கார்டு எப்பிடிடா ஓடுது?"

"பரவால்ல மச்சி. சுமாரா ஓடுது."

எதிர்முனையில் பெட்டி அடுக்கும் சத்தம் கேட்டது.

"அது சுமாரா ஓடுற கார்டு இல்லடா" என்றான் ஹரீஷ். கோபமில்லாமல்தான் சொன்னான். பிறகு, பெட்டி ஏற்ற வண்டி வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டான்.