இரண்டு பட்டன் மெஷின்

என் இடது கையில் இரண்டு விரல்கள் மேல் கணுவோடு நின்றுவிட்டன. பார்க்கிறவர்கள் அதற்காகத்தான் உச்சுக் கொட்டுகிறார்கள். எனக்கு விரல் போனது பழகிவிட்டது. அது போன விதத்தை நான் வெளியே சொன்ன விதம்தான் இன்னும் உறுத்துகிறது.

ஓசூரில் ஒரு கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் எனக்கு வேலை. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலே இருக்கும் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டிவிடக் கூடாதென்று செய்த ஏற்பாடு. நாங்கள் சும்மா விடுவோமா? ஒரு பட்டனை டேப் ஒட்டி அமுக்கி வைத்துவிட்டு, ஒரு கையால் தகடு வைத்து மறு கையால் அழுத்துவோம். டார்கெட் சீக்கிரம் முடியும். சூப்பர்வைசருக்கும் தெரியும். டார்கெட் முடிகிற வரை அவர் கண்ணுக்கு டேப் தெரியாது. எங்களுக்குள் ஒரே கட்டுப்பாடு, ஷிப்டு முடிந்து எழுந்திருப்பவர் டேப்பைப் பிரித்துவிட்டுப் போக வேண்டும்.

எனக்கு முந்தைய ஷிப்டில் அதே மெஷினில் ஒரு அக்கா இருந்தாள். சானமாவு காடு தாண்டி ஊர். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். புருஷன் இல்லாமல் ஒரே மகளைக் காலேஜில் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். தான் கொண்டுவந்த சாப்பாட்டில் எனக்கென்று கொஞ்சம் எடுத்து வைத்துவிட்டுத்தான் போவாள்.

அன்றைக்கு ஷிப்டு மாறும்போது கம்பெனி பஸ் டிரைவர் வாசலில் நின்று கத்தினார். "ரோட்ல யானை நிக்குதாம், சுத்திக்கினு போவணும், சீக்கிரம் வந்து ஏறுங்க!" அக்கா "வரேன்டி" என்று ஓடினாள். டேப் அப்படியே இருந்தது. நான் கவனிக்கவில்லை. ஒரு பட்டனுக்கு மெஷின் இறங்காது என்ற தைரியத்தில் வலது கையைப் பட்டன்மேல் ஊன்றிக்கொண்டு, இடது கையால் தகட்டைச் சரிசெய்தேன்.

ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்தபோது சூப்பர்வைசர் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார்.

"ஸ்கூட்டில இருந்து விழுந்துட்டன்னு சொல்லிடும்மா. வைத்தியச் செலவ கம்பெனி பாத்துக்கும். உள்ள நடந்துதுன்னா யாரு டேப் ஒட்னதுன்னு நோண்டுவாங்க. பாவம், அந்தம்மாவுக்கு வேல போயிடும்."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. நேர்மை என்றெல்லாம் பீற்றிக்கொள்ள மாட்டேன். ஸ்கூட்டியில் விழுந்தவளுக்கு நஷ்டஈடு கிடையாது, விரல் இல்லாதவளை இனி எந்தக் கம்பெனி எடுக்கும் என்ற பயம்தான். வேலையிடத்து விபத்து என்றே புகார் கொடுத்தேன். அதில் இன்றைக்கும் எனக்குக் குற்ற உணர்ச்சி இல்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி, டேப் ஒட்டியது யார் என்று கேட்டார்.

"முந்தின ஷிப்டுல சார்" என்றேன்.

பெயர் சொல்லாமல் தப்பித்த சாமர்த்தியம்! அந்த மெஷினில் முந்தின ஷிப்டில் ஒருத்திதானே உண்டு. எல்லாரும் ஒட்டுவோம், நானும் ஒட்டுவேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் என் நஷ்டஈட்டில் கை வைப்பார்களோ என்று விழுங்கிவிட்டேன்.

எனக்கு நஷ்டஈடு வந்தது. அக்காவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். சூப்பர்வைசர் அதே நாற்காலியில்தான் இருக்கிறார்.

அக்கா இப்போது கிரீன் ஹவுஸில் ரோஜா வெட்டப் போகிறாள். கை தேறிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அழுத அழுகையில் எனக்கு உயிரே இல்லை. அவள் கையெல்லாம் முள் கீறல்.

"நான் உன் பேரச் சொல்லலக்கா" என்றேன்.

"சொன்னாத்தான் என்னடி? டேப்பப் பிரிக்காம ஓடுனது நாந்தான. உன் கையப் பாக்குறப்ப எனக்கே செத்துடலாம்னு இருக்குது." முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "எல்லாருந்தான் ஒட்டுவோம்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். ஊர்ல யாரும் பண்ணாதத நீ மட்டும் ஏம்மா பண்ணுனன்னு எம் பொண்ணு கேக்குறா. எல்லாரும் பண்றதுதான்னு நான் சொன்னா நம்ப மாட்டேங்குறா."

மகள் உள்ளறையில் படித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. நான் அக்கா கொடுத்த காபியைக் குடித்து முடித்து, நேரமாகிறது என்று சொல்லி எழுந்துகொண்டேன்.