சந்தனக் கலர் புடவை

ஸ்ரீவராகம் அக்ரகாரத்தில் எங்கள் வீட்டில் சுமங்கலிகள் வெள்ளைப் புடவை கட்டுவதில்லை. என் மருமகள் லதா மலையாளப் பெண். அவளுக்கோ ஜரிகைக்கரை போட்ட வெள்ளைதான் உயிர். எங்களுக்காக அந்த ஆசையை விட்டிருந்தாள்.

அந்தத் தீபாவளிக்கு, சாலை பஜார் ஜவுளிக் கடையில் அவளுக்கு நானே சந்தனக் கலரில் ஒரு புடவை எடுத்தேன். பிரித்துப் பார்த்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். எனக்கே கூச்சமாகப் போயிற்று.

எனக்கு இரண்டு கண்ணிலும் புரை. பிறகு முதலில் வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். மறுநாள் டாக்டர் கட்டைப் பிரித்ததும் எதிரே லதா நின்றாள். பளீரென்று வெள்ளைப் புடவை!

"ஐயோ, ஆஸ்பத்திரிக்கு இதையா கட்டிண்டு வந்தே?"

"அம்மா தீபாவளிக்கு வாங்கித் தந்த அதே சாரிதன்னே இது!"

வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தேன். சந்தனம். இடதை மூடி வலதால் பார்த்தேன். வெள்ளை. மறுபடியும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

"எந்தா அம்மா, என்னைப் பார்த்துக் கண்ணடிக்கறது?" என்றாள் லதா.

டாக்டர் சிரித்துவிட்டார். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அவள் அழுதது நினைவுக்கு வந்தது. மறைக்க மனம் வரவில்லை.

"புரையிலே மஞ்சளாத் தெரிஞ்சுடுத்துடி. வெள்ளைன்னு தெரிஞ்சு எடுக்கலை."

அவள் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு, "அப்போ மற்ற கண்ணை ஆபரேஷன் செய்ய வேண்டா அம்மா. ஒரே சாரி, ரெண்டு கலர்!" என்றாள்.

அந்தக் கண்ணுக்கும் லென்ஸ் வைத்தாயிற்று. இப்போது எதால் பார்த்தாலும் அது வெள்ளைதான். அதைக் கட்டிக்கொண்டு அவள் விளக்கேற்றும்போது, நன்றாகத்தான் இருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.