அக்காவின் நிறம்

அக்கா கறுப்பு. தேங்காய்ச் சிரட்டையின் நிறம். வீட்டில் யாரும் அதை அப்படிச் சொல்வதில்லை. கேட்டால் "பொது நிறம்" என்பார்கள். முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். அப்பா எங்கள் சின்ன வயதிலேயே போய்விட்டார். அக்காவுக்கு இருபத்தாறு வயதானபோது அம்மா கலியாணம் பேசத் தொடங்கினார். சித்தாண்டியிலிருந்த தரகர் ஒரு போட்டோ கேட்டார். எங்கள் ஊரான நாவலடியிலிருந்து அம்மா, அக்கா, தங்கச்சியான நான் மூன்று பேரும் பாலத்தைக் கடந்து டவுனுக்குப் போய் ஒரு ஸ்டூடியோவில் படம் எடுத்தோம்.

நாலு நாள் கழித்து அதை எடுக்கப் போனது அக்காவும் நானும். உறையைத் திறந்து பார்த்தவள், "இது ஆரு புள்ள?" என்றாள். பகிடி விடுகிறாள் என்று எட்டிப் பார்த்தேன். எனக்கும் ஆளைத் தெரியவில்லை. முகம் கோதுமை மாவைப் பூசினது மாதிரி இருந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் நிழலே இல்லை. சின்ன வயதில் சைக்கிளால் விழுந்து இடது புருவத்தின் நுனியில் அவளுக்கு ஒரு தழும்பு உண்டு. அதையும் அழித்திருந்தார்கள். கழுத்து மட்டும்தான் அவளுடையது.

"அண்ணன், இது நானில்லையே."

மேசைக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "இப்ப எல்லாம் கொம்பியூட்டர்தானே தங்கச்சி. கலியாணப் படம் எண்டு அம்மா சொன்னா. அதான் நல்லாச் செஞ்சு வெச்சிருக்கன்."

ஏதோ புண்ணியம் செய்துவிட்டவரைப் போல இருந்தார். அக்கா உறையை மேசையில் எறிந்துவிட்டு வெளியே போய்விட்டாள். நான்தான் பொறுக்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் அம்மா அதை யன்னலருகே பிடித்துப் பார்த்து, "வடிவா இருக்கு. இதையே குடுப்பம்" என்றார்.

"அவங்க என்னைப் பார்க்க வரக்குள்ள என்னம்மா செய்வீங்க? முகத்துக்கு மாப் பூசுவீங்களா?"

அம்மா எழும்பி அடுப்படிக்குப் போனார். படம் சித்தாண்டிக்குப் போனது.

பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன் கடல் வந்தது. நத்தாருக்கு அடுத்த நாள், டிசம்பர் இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை. நான் டவுனில் டியூசன் வகுப்பில் இருந்தேன். அம்மா ஒரு தென்னையைக் கட்டிப்பிடித்துத் தப்பினார். அக்காவை மூன்றாம் நாள் வாவிக் கரைக் கண்டல் மரங்களுக்குள் கண்டெடுத்தோம். வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் கிடந்தது. அல்பம், சேர்டிபிக்கட், அக்காவின் அடையாள அட்டை எல்லாமே போய்விட்டன.

பள்ளிக்கூடத்தில் அகதியாக இருந்தபோது தரகர் தேடி வந்தார். நல்ல மனிதர். கண் கலங்கியபடி அந்த உறையை அம்மாவிடம் கொடுத்தார். எங்களிடம் மிஞ்சியிருந்த அக்காவின் ஒரே படம் அவளே தூக்கி எறிந்த படம்தான்.

முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு அதைப் பெரிதாக்கி மாலை போட்டு வைத்தார்கள். எங்களை முன்பின் தெரியாத ஒரு அம்மா, "இவ்வளவு வெள்ளையான புள்ளயா! கடவுளுக்குக் கண்ணில்லையே!" என்று ஒப்பாரி வைத்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கறுப்பாக இருந்திருந்தால் கடவுளுக்குக் கண் இருந்திருக்குமா? அவர் அழுதது என் அக்காவுக்கு இல்லை. வாசலில் நின்றுகொண்டு உள்ளே போக மாட்டேன் என்று அடம்பிடித்தேன். துக்கம் தாங்காமல் நிற்கிறேன் என்று எல்லோரும் என்னைத் தடவிக் கொடுத்தார்கள்.

பிறகு திராய்மடுவில் தற்காலிக வீடு தந்தார்கள். கடலால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு என்று ஒரு தொண்டு நிறுவனம் டவுனில் கொம்பியூட்டர் வகுப்பு வைத்தது. இரண்டு பேருக்கு ஒரு மெசின். முதல் மூன்று மாதமும் கடிதம் அடித்தோம். நாலாம் மாதம், எங்களைப் படிப்பித்த சேர் போட்டோசொப்பைத் திறந்து காட்டினார். பூவின் நிறத்தை மாற்றினார், வானத்தை மாற்றினார். அந்த ஸ்டூடியோக்காரர் என் அக்காவை அழித்த சாமான் இதுதானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதனால் அழிக்க முடியுமென்றால் இதனாலேயே திருப்பி எடுக்கவும் முடியும் என்று நினைத்தேன். அடுத்த வகுப்புக்கு அக்காவின் படத்தைக் கொண்டுபோய் ஸ்கேன் பண்ணினேன்.

முதலில் வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தேன். அக்கா சாம்பல் நிறமானாள். நிறத்தை மாற்றும் கோட்டை இந்தப் பக்கம் இழுத்தால் பச்சை, அந்தப் பக்கம் இழுத்தால் வாழைப்பொத்திச் சிவப்பு. கோபத்தில் மண்ணிறத்தை எடுத்து முகம் முழுக்கப் பூசினேன். பல்லும் கண்ணும் சேர்ந்து மண்ணிறமாகி, சூளையில் வைத்த பானை மாதிரி ஆகிவிட்டது. பக்கத்தில் இருந்த பிள்ளை சிரித்தது. சேரும் வந்து பார்த்துச் சிரித்தார்.

"என்ன தங்கச்சி, எல்லாரும் வெள்ளையாக்கச் சொல்லித்தான் கேக்கிற. நீங்க தலைகீழாச் செய்யிறீங்க."

"இது கடலோட போன எண்ட அக்கா, சேர். அவ கறுப்பு."

"செத்துப் போனவவை ஏன் கறுப்பாக்குறீங்க?"

"நான் ஆக்கல்ல. அவ கறுப்பாத்தான் இருந்தவ!"

வகுப்பே திரும்பிப் பார்த்தது. சேரின் சிரிப்பு நின்றுவிட்டது. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரேயடியாக வெளுத்துப்போன இடத்தில் கொம்பியூட்டருக்குத் தெரிவதற்கு ஒன்றும் இல்லை, அதனால்தான் சாம்பலாக வருகிறது என்று விளங்கப்படுத்தினார். படத்துக்கு மேலே கண்ணாடித்தாள் மாதிரி ஒரு லேயரைப் போட்டு, அதில் கொஞ்சம் கொஞ்சமாக நிறத்தையும் நிழலையும் வரைய வேண்டுமாம். "ஆனா சரியான நிறம் எது எண்டு பார்க்க உங்களிட்ட வேற படம் வேணும்" என்றார்.

அதுதானே இல்லை. அக்காவோடு முன்பள்ளிப் பயிற்சி எடுத்த ஒரு சிநேகிதி வாவிக்கு அந்தப் பக்கம் வவுணதீவில் இருந்தார்; அவரிடம் படம் இருக்கலாம். ஆனால் அந்த நேரம் வாவிக்கு மேற்கே சண்டை. செல் வெடிக்கும் சத்தம் எங்கள் வகுப்புக்கே கேட்கும். சண்டை ஓய்ந்து, இடம்பெயர்ந்த சனம் திரும்பிப் போனபிறகுதான் போக முடிந்தது. அந்தச் சிநேகிதியின் வீட்டுக்கு ஒரு பக்கச் சுவர் இல்லை. பிறப்புச் சாட்சிப்பத்திரங்களோடு பொலித்தீன் பையில் சுற்றி, ஓடிய இடமெல்லாம் கொண்டு திரிந்த ஒரு படத்தை எடுத்துத் தந்தார். கொக்கட்டிச்சோலைக் கோயில் தேர் பார்க்கப் போனபோது யாரோ எடுத்தது. கூட்டத்துக்குள் அக்கா பக்கவாட்டாகத் திரும்பி ஐஸ்பழம் சாப்பிடுகிறாள். முகம் பெருவிரல் நகமளவு. வெயில் பட்ட கன்னம், வியர்வை, தழும்பு எல்லாம் இருந்தன. ஒரு பக்கம் திறந்து கிடந்த அந்த வீட்டில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

வகுப்பு முடிந்துவிட்டாலும் பின்னேரங்களில் வந்து செய்ய சேர் விட்டார். ஒரு மாதம் எடுத்தது. தழும்பை மட்டும் ஐந்து தரம் வரைந்தேன்.

பிரதி எடுத்துக் கொண்டுபோய் அம்மாவின் மடியில் வைத்தேன். அம்மா கனநேரம் பார்த்தார். தழும்பை விரலால் தொட்டார்.

"தழும்பு சரி. ஆனா எண்ட புள்ள இவ்வளவு கறுப்பில்ல."

"அம்மா, உங்கட கையப் பாருங்க. அவ உங்கட நிறம்தானே?"

அம்மா கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். "அந்தத் தழும்ப மட்டும் எடுத்துச் சுவரில இருக்கிற படத்தில வெச்சுத் தா மகள்" என்றார்.

மாட்டேன் என்றேன். ஐந்து நிமிட வேலைதான். அதனால்தான் இன்னும் கோபம் வந்தது. இரண்டு கிழமை நாங்கள் பேசவில்லை. அம்மாவுக்குப் பிடித்த அந்த வெளுத்த படம் சுவரில் இருந்தது. என்னுடையதை என் பாய்க்கு நேரே ஒட்டினேன். அம்மா அதைக் கிழிக்கவும் இல்லை, ஏற்றுக்கொள்ளவும் இல்லை.

பிறகு டவுனில் போட்டோப் பிரதி எடுக்கும் கடையொன்றில் வேலை கிடைத்தது. கேட்பவர்களுக்குப் படத்தில் முகத்தை வெளுத்துக் கொடுப்பதும் என் வேலைதான். வன்னியில் யுத்தம் முடிந்த வருசம், காணாமல்போன பிள்ளைகளைத் தேடும் தாய்மார் நாள்தோறும் படத்தோடு வந்தார்கள். படுவான்கரையிலிருந்து ஒரு அம்மா தன் மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குப் படத்தைக் கொண்டுவந்து பத்துப் பிரதி கேட்டார். அதே மா முகம். அதே நிழலில்லாத மூக்கு.

"மகள் இந்த நிறமாம்மா?"

"இல்ல மகள். என்னைவிடக் கறுப்பு. முகாம் முகாமாக் கொண்டு போய்க் காட்டினன். கண்ட ஆள் இல்ல எண்டுறாங்க."

"இதைக் காட்டினா ஆருக்குத் தெரியும்?" என்று கத்திவிட்டேன்.

"வேற படம் இல்லையே" என்றார், தவறு செய்தவரைப் போல. அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

பக்கத்தில் கதிரை போட்டு உட்கார வைத்தேன். "மூக்கு இன்னும் கொஞ்சம் அகலம்... கண்ணுக்குக் கீழ கருவளையம் இருக்கு... அவவுக்கு நாடியில ஒரு மறு" என்று அவர் சொல்லச் சொல்ல வரைந்தேன். ஆட்கள் காத்து நிற்கிறார்கள் என்று முதலாளி இரண்டு தரம் வந்து முறைத்தார். நான் எழும்பவில்லை. கடைசியில் அந்த அம்மா திரையைத் தொட்டு, "ஓம், இவதான். இவவைத்தான் நான் தேடுறன்" என்றார்.

பத்துப் பிரதியையும் மடியாமல் பையில் வைத்துக்கொண்டு போனார். மகள் கிடைத்தாளா என்று தெரியாது. அவர் பிறகு வரவில்லை. அன்று பின்னேரம், இனி எந்த முகத்தையும் வெளுக்க மாட்டேன் என்று முதலாளியிடம் சொன்னேன். "உனக்கு விசர் பிடிச்சிட்டு" என்றார். மறுநாளிலிருந்து வெளுக்கும் வேலையை மட்டும் அவரே செய்தார்.