கட்டை ஏற்றாமல் போன நாள்

எனக்கு ஒழுங்காக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. எழுதிக்கொண்டு போகும்போது முன்னது பின்னது மாறிப்போகும். பல விஷயங்கள் மறந்தும்விட்டன. பிழை கண்டால் கோபிக்க வேண்டாம். இந்த ஒரு நாளை மட்டும் மறக்க முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களிடம் ஒரு கார் இருந்தது. வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போன காலத்தில், தன் ஊருக்குக் கப்பலேறிய ஒரு துரை விற்றுவிட்டுப் போன சின்னக் கார். சாம்பல் நிறம். என் வீட்டுக்காரர் துறைமுகக் களஞ்சியத்தில் கிளாக்கராக இருந்தார். பாலையூற்றில் எங்கள் ஒழுங்கையில் அந்த ஒரு கார்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் கீழே படுத்துவிடுவார். கடற்காற்றுக்கு இரும்பெல்லாம் கறள் பிடிக்கும் என்று பம்பருக்குத் தேங்காய் எண்ணெய் பூசுவார். அந்த எண்ணெயில் கிரவல் தூசி ஒட்டி, செவ்வாய்க்கிழமைக்குள் பம்பர் கருவாட்டுச் சட்டி போல ஆகிவிடும். பிறகும் பூசுவார்.

அந்தக் காரின் குணங்களைப் பழகியவர்கள்தான் அதில் போகலாம். பெற்றோல் முள் எப்போதும் நிறைவாகவே காட்டும். தாங்கிக்குள் ஈர்க்குக் குச்சியை விட்டுத்தான் அளந்து பார்க்க வேண்டும். பின் கதவு ஒன்று ஓடும்போது தானாகத் திறந்துகொள்ளும், அதனால் அதைக் கயிற்றால் கட்டியிருந்தார். மற்றப் பின் கதவுக்கு வெளிக் கைபிடி இல்லை. பத்து மைல் தூரம் ஓடினால் ரேடியேற்றர் கொதிக்கும். முன்னால் கம்பியைச் செருகிச் சுற்றினால்தான் ஸ்டார்ட் ஆகும். கியரில் விட்டு நிறுத்தினால் சில வேளை கியர் தானாகக் கழன்றுவிடும்.

எல்லாவற்றிலும் மோசம் ஹாண்ட் பிரேக். இழுத்தால் மேலே வரும், ஆனால் ஒன்றையும் பிடிக்காது. உள்ளே உள்ள கம்பி இற்றுப்போய்விட்டது, கொழும்பிலிருந்து சாமான் வர வேண்டும் என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவரைக்கும் முதிரை மரத்தில் ஒரு முக்கோணக் கட்டை செய்து வைத்திருந்தார். அவர் பிரேக்கை மிதித்தபடி இருக்க, ஒருவர் இறங்கிச் சக்கரத்தின் பின்னால் அந்தக் கட்டையை வைக்க வேண்டும். அந்த ஒருவர் நான்தான். சந்தை வாசலில், கோயில் வாசலில், ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, சேலையை ஒதுக்கிக்கொண்டு குந்தியிருந்து கட்டை வைப்பேன். வெட்கத்தில் காது சுடும். வெளி ஆட்களுக்கு முன்னால் வாய் திறக்கவே எனக்குப் பயம். அவரோடு பேசவும் பயம்தான். அவர் அடிக்கிறவர் இல்லை. சத்தம் போடுகிறவர்கூட இல்லை. ஏன் பயந்தேன் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நவராத்திரி வந்தது. கடைசி நாள் ஆயுதங்களுக்குப் பூசை. அவர் ஸ்பானர்களையும், சுற்றுகிற கம்பியையும், இந்தக் கட்டையையும் கழுவித் துடைத்துச் சாமி அறையில் வைத்தார். நான் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். அம்பாள் படம் சாய்ந்து சாய்ந்து விழப் பார்த்தது. மாமி, அதாவது அவருடைய தாய், அந்தக் கட்டையை எடுத்துப் படத்துக்கு அண்டையாகக் கொடுத்தார். படம் அசையாமல் நின்றது. "பாத்தியோ, அம்பாளுக்கும் கட்டை வேண்டிக்கிடக்கு" என்று சிரித்தார்.

மறுநாள் விஜயதசமி. எங்கள் மகளுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. கிளிவெட்டியில் என் அண்ணா வாத்தியாராக இருந்தார். அவர் கையால் பிள்ளைக்கு ஏடு தொடக்குவது என்று பேச்சு. மத்தியானத்துக்கு முன்னால் நல்ல நேரம். பிள்ளை விரலால் எழுதுவதற்காக, கும்பத்தின் கீழே பரப்பியிருந்த அரிசியை மாமி ஒரு துணிப்பையில் கட்டித் தந்தார்.

அவர் ஸ்பானர்களையும் கம்பியையும் எடுத்துக்கொண்டார். மாமி ஒன்றும் சொல்லவில்லை. மகன் எடுத்தால் மாமியின் சட்டம் இளகிவிடும். நான் கட்டைக்குக் கை நீட்டினேன்.

"என்ன பிள்ளை செய்யிறாய்? பின்னேரம் தீபம் காட்டாமல் அம்பாளை அசைக்கப்படாது. பிள்ளைக்கு ஏடு தொடக்கிற நாளில உனக்கென்ன விசரே?"

கையை எடுத்துக்கொண்டேன். வெளியே அவர் கம்பியைச் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"கட்டை ஏத்தினீரோ?"

இல்லை என்றால் அவர் உள்ளே போவார், தாயும் மகனும் வாக்குவாதப்படுவார்கள், நல்ல நாளில் அந்தப் பழி என் தலையில் விழும். இதெல்லாம் ஒரு மூச்சு நேரத்துக்குள் மனதில் ஓடியது.

"ஓம்" என்றேன்.

கிளிவெட்டிக்குப் போகிற வழியெல்லாம் ஆறும் களப்பும். அப்போது பாலங்கள் இல்லை. வாகனங்களை ஏற்றி அக்கரைக்கு இழுத்துப் போகிற பெரிய மரத் தட்டு மிதவையை எங்கள் பக்கத்தில் 'பாதை' என்போம். பாதையில் ஏறினால் சக்கரத்துக்குக் கட்டை வைத்தே ஆக வேண்டும். கிண்ணியாத் துறையில் தப்பினோம். காருக்குப் பின்னால் ஒரு லொறி ஏறியதால் இடம் நெருக்கம். அவர் இறங்காமல் பிரேக்கை மிதித்தபடியே இருந்தார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நின்ற நான் கோணேசரைக் கும்பிட்டேன். அடுத்த பாதையிலும் அவர் இறங்கவில்லை. இனிச் சொல்லத் தேவையில்லை, இப்படியே போய்விடலாம் என்று என் பயந்த மனம் சொன்னது.

கங்கைத் துறைக்குக் கிட்டப் போகும்போது ரேடியேற்றர் கொதித்துப் புகை வந்தது. பிள்ளை காலையில் குடித்த பாலை இரண்டு முறை சத்தி எடுத்துவிட்டுப் பின் இருக்கையில் உறங்கிப்போயிருந்தாள். துறையில் எங்கள் கார் மட்டும்தான். பாதைக்காரர்கள் நாலைந்து பேர், எல்லாரும் கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் ஆட்கள். அவர்களில் தலைவராக நின்றவர் தாடி வைத்த வயதாளி.

முறைப்படி, கார் ஏறுவதற்கு முன், ஓட்டுபவரைத் தவிர உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் இறங்க வேண்டும். நான் இறங்கிப் பிள்ளையைத் தூக்கப் போனேன்.

"கிடக்கட்டும். இப்பதான் கண் அயர்ந்தவள்" என்றார் என் வீட்டுக்காரர். "எழுப்பினால் திரும்பவும் சத்தி எடுப்பாள். நீர் கட்டையை வையும், போதும்."

கார் பாதையில் ஏறியது. தாடிக்காரர் ஒரு பெரிய மரத்துண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சேர், சில்லுக்கு அண்டை குடுப்பமா?"

"வேண்டாம், எங்கட கட்டை இருக்கு. உங்கட மரம் போன முறை மட்காட்டை நெளிச்சுப்போட்டுது."

"பாருங்கடா, கட்டையும் சொந்தமா வச்சிருக்கிற ஆள்!" என்று அவர் மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு என்னைப் பார்த்து, "என்ன தங்கச்சி, கட்டை இருக்கா?" என்று கேட்டார்.

அப்போது சொல்லியிருக்கலாம். அத்தனை ஆண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் மரத்துண்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

காரின் பின்னால் போய்க் குந்தினேன். கையில் அரிசிப் பை இருந்தது. காலையில் அம்பாள் படத்தை அசைக்கப் பயந்த நான், அம்பாளுக்கு வைத்த அரிசியைச் சக்கரத்தின் பின்னால் வைத்தேன்.

"வைச்சாச்சோ?"

"ஓம்."

என் வீட்டுக்காரர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். கார் ஒரு விரற்கடை பின்னால் வந்து பையில் ஏறி நின்றது. அரிசி நொறுங்கும் சத்தம் கேட்டது.

அவர் காரைக் கியரில் போட்டுவிட்டு இறங்கி, முன்னால் போய் ரேடியேற்றர் மூடியைத் திறந்து, ஆற்றுத் தண்ணீரைப் போத்தலில் எடுத்து ஊற்றத் தொடங்கினார். இரு கரைக்கும் குறுக்கே கட்டியிருந்த கம்பியைப் பாதைக்காரர்கள் பிடித்து இழுத்தார்கள். பாதை நகர்ந்தது. பின்பக்கம் ஒரு சங்கிலி மட்டும் குறுக்கே தொங்கியது. அதற்கு அப்பால் தண்ணீர். கலங்கல் தண்ணீர், அடி தெரியாது.

பிள்ளையைத் தூக்கி எடுப்பது ஒன்றுதான் வழி என்று பட்டது. கயிறு கட்டிய கதவுப் பக்கம் போனேன். அவர் துறைமுகத்தில் பழகிய முடிச்சு. இழுக்க இழுக்க இறுகியது. முன் கதவால் ஏறி எட்டியிருக்கலாம், ஆனால் அந்தப் பக்கம் இரண்டு பேர் கம்பி இழுத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களை விலகச் சொல்ல வாய் வரவில்லை. பல்லால் கடித்து முடிச்சை இளக்கப் பார்த்தேன். கண்ணாடிக்குள்ளே அவள் வாயைத் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தாள்.

முடிச்சில் ஒரு கண்ணி கழன்றபோது பாதை அக்கரையில் முட்டியது. முன்பக்கம் கரையில் ஏற, பின்பக்கம் தாழ்ந்தது. காருக்குள் டக்கென்று ஒரு சத்தம். கியர் கழன்றுவிட்டது.

கார் பின்னால் உருண்டது. பை வெடித்து அரிசி பலகையெல்லாம் சிதறியது. என் கையிலிருந்த கயிறு என்னை இழுத்தது.

"கட்டை இல்லை! கட்டை இல்லை! பிள்ளை உள்ளுக்கு!"

அது என் குரல் என்று எனக்குத் தெரியவில்லை. பிறந்த நாளிலிருந்து நான் அப்படிக் கத்தியதில்லை.

அவர் பாய்ந்து முன் பம்பரைப் பிடித்தார். எண்ணெய்ப் பம்பர். கை வழுக்கி முழங்காலில் விழுந்தார். தாடிக்காரர் பாதையைத் தள்ளுவதற்காகக் கையில் வைத்திருந்த தாங்குகோலைப் பின் சக்கரத்துக்குக் குறுக்கே சொருகினார். கோல் பாதியில் முறிந்தது. ஆனால் அந்த நேரத்துக்குள் இன்னொருவர் பெரிய மரத்துண்டை எட்டி உதைத்துச் சில்லின் கீழே தள்ளிவிட்டார். கார் நின்றது. பின் பம்பர் சங்கிலியைத் தள்ளிக்கொண்டு தண்ணீருக்கு மேலே நின்றது.

என் வீட்டுக்காரர் முன் கதவால் ஏறிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அவள் கண்ணைத் திறந்து, "மாமா வீடு வந்திட்டுதோ?" என்றாள்.

தாடிக்காரர் முறிந்த கோலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சேர், உங்கட காருக்குப் பிரேக் இல்ல. இந்தத் தங்கச்சிட வாய்க்குத்தான் பிரேக் போட்டு வச்சிருக்கீங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் பலகையில் குந்தி அரிசியைக் கூட்டத் தொடங்கினேன். என்ன அரிசி என்று தாடிக்காரர் கேட்டார். சொன்னேன். "அப்ப மிதிபடக்கூடாது" என்று தன் தோள் துண்டை விரித்தார். மற்றவர்களும் குந்தினார்கள். கறளும் எண்ணெயும் கலந்த அரிசி. பாதி இடுக்குகளால் ஆற்றில் போய்விட்டது.

கிளிவெட்டிக்குப் போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிட்டது. நல்ல நேரம் தப்பிவிட்டது. அண்ணா தட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "அம்பாளுக்கு வைச்ச அரிசி எங்க?" என்று கேட்டார். "வழியில கொட்டுப்பட்டுப் போச்சு மச்சான், உங்கட வீட்டரிசியைப் போடுங்கோ" என்று என் வீட்டுக்காரர்தான் சொன்னார். பிள்ளை அதில் அழகாக எழுதினாள். நான் அறைக்குள் நின்று பார்த்தேன்.

பின்னேரம் கிணற்றடியில் முழங்கால் காயத்தைக் கழுவிக்கொண்டு கேட்டார்.

"ஏன் சொல்லேல்லை?"

"பயம்."

"ஆருக்கு?"

"உங்களுக்குத்தான்."

அவர் வாளியைக் கீழே வைத்தார். "நான் உம்மை ஒரு நாளும் ஏசினதில்லையே" என்றார். ஓம் என்றேன். அது உண்மைதான். ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவர் கட்டையைப் பற்றி என்னிடம் கேட்கவே இல்லை. புறப்படுவதற்கு முன் தானே இறங்கிப் போய்ப் பின் மூடியைத் திறந்து, கட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். கொழும்பிலிருந்து சாமான் வந்து ஹாண்ட் பிரேக் சரியான பிறகும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் அந்த மூடியைத் திறக்கும் சத்தம் எனக்கு நெஞ்சில் குத்தும். ஒரு முறையாவது என்னைக் கேட்பார், நான் பார்த்துச் சரியாகச் சொல்வேன் என்று காத்திருந்தேன். அந்தக் காரை விற்கும் வரைக்கும் கேட்கவில்லை.

மகளுக்கு இதெல்லாம் தெரியாது. ஏழு எட்டு வயது வரைக்கும் எந்தப் பாதையிலும் அவளை நான் இடுப்பிலிருந்து இறக்கியதில்லை. ஏன் என்று கேட்டுச் சிணுங்குவாள். வாசித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

இதில் எது எப்படி என்று கேட்க இப்போது அவரும் இல்லை, அண்ணாவும் இல்லை. கங்கைத் துறை என்றுதான் என் நினைவு. வேறு துறையாகவும் இருக்கலாம். கார் ஒரு கூப்பிடு தூரம் உருண்டது போல எனக்கு இருக்கிறது, ஆனால் அந்தப் பாதையே அவ்வளவு நீளம் இருந்திருக்காது. அந்த நாளையில் அந்தப் பக்கம் போய்வந்த யாராவது இதை வாசித்தால், துறையின் பெயரையும் பாதை எத்தனை அடி என்பதையும் பார்த்துத் திருத்திவிடுங்கள்.