கேக்காம அடிச்ச பேரு

முதல்லயே சொல்லிடுதேன். அன்னைக்கு மீட்டிங்குல நான் சொன்னது பொய்.

எங்க சங்கம் ரொம்பச் சின்னது. கடலுக்குள்ள இருக்கிற பவளப்பாறைய ஒடைச்சு, தோணி தோணியா அள்ளிட்டு வந்து சுண்ணாம்புக் காளவாய்க்கு விக்கானுவள்லா, அதத் தடுக்கணும்னு பத்துப் பன்னெண்டு பேரு சேந்தது. பாறை போச்சுன்னா மீனு போச்சு, சங்கு போச்சு. முத்து ஏற்கனவே போயாச்சு. பீச் ரோட்டுப் பக்கம் ஒரு பலசரக்குக் கடைக்கு மேல ரூம்பு. உள்ள ஒரு மேசை, ஒரு ஓட்ட டைப்ரைட்டர், நான். ஜுவாலஜி டிகிரி முடிச்சிட்டு சும்மா திரிஞ்சதால என்னய செக்ரட்டரியாக்கிட்டாவ.

தலைவரா இருந்த புரொபசருக்குத் திடீர்னு கோயம்புத்தூருக்கு டிரான்ஸ்பர் ஆயிருச்சு. கெளம்பும்போது ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாவ. "வெளிய இருந்து பெரிய மனுசன் யாரையும் கூட்டியாராதீங்க. நம்மள்லயே ஒருத்தர எடுங்க."

எல்லாரும் நெனச்சது கீழ கட வச்சிருக்கிற அண்ணாச்சியத்தான். ரூம்பே அவுகளுதுதான். நல்ல மனுசன்தான், ஆனா காளவாய்க்காரன் பூரா அவுக கடையிலதான் சாமான் வாங்குதான். அவுக வந்தா ஒரு பெட்டிஷன்கூட வெளிய போவாது. என் மனசுல இருந்தது வேற ஆளு. எங்க மெம்பர்ல ஒருத்தரு, சங்கு குளிக்கிற அண்ணன். இருவது வருசமா அந்தப் பாறையக் கண்ணால பாக்கிறவரு. அவரு கையெழுத்துப் போட்டு 'கீழ இப்பம் வெறும் மண்ணுதான்'னு எழுதுனா எந்த ஆபீசரு இல்லம்பான்?

எலக்சன் அன்னைக்கு அவரு கடல்ல. நான் எந்திச்சு பேசிப் பொளந்துட்டேன். அண்ணாச்சி பொறுமையாக் கேட்டுட்டுச் சொன்னாவ:

"எல்லாம் சரிலே. அவன்கிட்ட கேட்டியா?"

"கேட்டாச்சு அண்ணாச்சி."

"சரின்னுட்டானா?"

"சரின்னுட்டாரு."

கேக்கவே இல்ல. தலைவர் பதவிய எவன் வேண்டாம்பான்னு ஒரு தெனாவெட்டு. கையத் தூக்குனாவ, நான் பேர அடிச்சேன், சங்கத்தப் பதியுற ஆபீசுக்கு, மெட்ராசுக்கு, பேப்பரு மறுநாள் காலையில போயிருச்சு.

பேப்பரு போன அன்னைக்குச் சாயங்காலம் கரையில சங்கு மூட்டைய எறக்கிட்டு நின்னவருகிட்ட இளிச்சுக்கிட்டே போயிச் சொன்னேன். அவரு மூட்டையக் கீழ வச்சாரு.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா தம்பி."

"ஏண்ணே, பெருமைதான?"

"எனக்குக் கயிறு பிடிக்கிறது யாருன்னு தெரியும்லா?"

தெரியும். மச்சான். பொண்டாட்டி கூடப்பொறந்த தம்பி. இங்கன அதுதான் வழக்கம், அக்கா தாலிய நெனச்சாவது கைய விடமாட்டான்லா. இப்பத்திப் பயலுவ காலுல துடுப்பு மாதிரி தகட்ட மாட்டிக்கிட்டு கயிறே இல்லாம மீனு கணக்கா போறானுவ. அண்ணன் பழைய ஆளு. இடுப்புல கயித்தக் கட்டி, கல்லுல கால வச்சு இறங்குவாரு. மூச்சு முட்டுனா ரெண்டு இழுப்பு, மச்சான் மேல தூக்கிருவான். அந்த மச்சான் சீசன் இல்லாத மாசத்துல தன் தோணியில பாறை ஒடைக்கத்தான் போவான். அதுவும் எனக்குத் தெரியும். ரெண்டையும் சேத்து யோசிக்கத்தான் தெரியல. பெரிய டிகிரி.

"வேண்டாம்னு சொல்லிருங்கண்ணே."

"சொன்னா நீ பொய்யன்னு ஆவும். அண்ணாச்சி உக்காருவாவ. பாறையும் போவும். விடு."

முதல் பெட்டிஷன்ல லைசென்ஸ் இல்லாத தோணி லிஸ்ட அடிச்சேன். நாலாவது வரி மச்சான் தோணி. அண்ணன் வாசிக்கல, என்னய நம்பிக் கையெழுத்துப் போட்டாரு. நானும் வாய் தொறக்கல. அதிகாரிங்க வந்து தோணியப் பிடிச்சிட்டுப் போனாவ. மச்சான் கரையில, அத்தன பேரு முன்னால கத்துனான்.

"எழுதிக் குடுத்த கை இருக்குல்லா அத்தான், அதக்கொண்டே ஒன்னயத் தூக்கிக்கோ!"

மத்தவனுவளும் கயிறு பிடிக்க மாட்டோம்னு நழுவிட்டானுவ. எல்லா வீட்டுலயும் பாறைத் தோணிக்குப் போற ஆளு ஒண்ணு இருக்கு.

சங்கு சீசன் தொடங்குன அன்னைக்கு அண்ணன் ரூம்புக்கு வந்தாரு. "வாலே செக்ரட்டரி. கயிறு பிடி."

தோணியில ஏறுனதுமே ஒருத்தன் ஆரம்பிச்சிட்டான். "ஏலே, சாத்தான்குளத்தான் வந்திருக்கான்! கெணத்துல வாளி எறைக்கிற மாதிரி எறைச்சிராதடே!" எங்க ஊருல கெணறு உண்டு, கடலு கெடையாது. எல்லாவனும் சிரிச்சானுவ. அண்ணன் மட்டும் சொன்னாரு: "ரெண்டு இழுப்பு. யோசிக்காத. தூக்கு."

ரெண்டு வாட்டி ஒழுங்காத் தூக்கிட்டேன். மூணாவது வாட்டி கொடலப் பெரட்டிருச்சு. ஒத்தக் கையில கயிறு, தலை வெளிய, வாந்தி. கயிறு அசஞ்சுது. நீரோட்டம்னு நெனச்சேன். பக்கத்துல நின்னவன் என்னயத் தள்ளிவிட்டுட்டுக் கயித்தப் புடுங்கி இழுத்தான்.

மேல வந்தப்ப மூக்குலயும் வாயிலயும் ரத்தம். பலகையில குப்புறக் கெடந்தாரு, ரொம்ப நேரம். பொறவு அவரே இடுப்புக் கயித்த அவுத்துச் சுருட்டி வச்சாரு.  

கயிறு பிடிக்க ஆளில்லாம இப்பம் உப்பளத்துல கூடை சொமக்காரு. கால் பூரா வெடிப்பு. சங்கத்துக்கு இன்னும் அவருதான் தலைவரு.

போன வாரம், அபராதம் கட்டி மீட்ட மச்சான் தோணி மறுபடி பாறைக்குப் போவுதுன்னு தகவல் வந்துச்சு. கூடவே அவன் அக்கா மூலமா ஒரு சேதியும் சொல்லி அனுப்பியிருந்தான். இந்த வாட்டி கண்டுக்காம விட்டா, வர்ற சீசனுக்கு அத்தானுக்குக் கயிறு பிடிக்க வாரானாம்.

உப்பளத்துக்கே போனேன். இந்த வாட்டி, கையில எழுதி வச்ச புது பெட்டிஷன் பூராத்தையும் வாசிச்சுக் காட்டுனேன். மச்சான் தோணிப் பேரு வந்ததும் நிறுத்திட்டுக் கேட்டேன்.

"எழுதட்டுமாண்ணே?"

அவரு கூடைய எறக்கல. தலையில உப்போடயே நின்னாரு. கண்ணுல வேர்வை எறங்குது, தொடைக்கக் கை இல்ல.

"எத்தன தோணி லிஸ்ட்ல?"

"அஞ்சுண்ணே."

"அஞ்சையும் எழுது"ன்னுட்டு வரப்புல நடந்துட்டாரு.

நாலு தோணிப் பேர அடிச்சிட்டேன். அஞ்சாவது மச்சான் தோணி, அதுக்கு எடம் விட்டுத்தான் பேப்பர உருவி ஓரமா வச்சிட்டு, மெஷின்ல இத அடிச்சிக்கிட்டு இருக்கேன். கீழ அண்ணாச்சி கட அடைக்கிற சத்தம் கேக்குது. காலையில தபாலுக்குள்ள அது போயாவணும்.