மெல்பேர்ண் வீடும் கண்டிக் காப்புறுதியும்

புசல்லாவைப் பக்கம் மண் சரிந்து பஸ் ஓடாமல் கிடந்ததே, அதற்கு அடுத்த வாரம் நடந்தது இது. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல மகள் எழுதுகிறாள்.

அவள் கண்டியில் வீட்டுப் பிளான் வரைகிறவள். பிளானில் பிழை என்று யாராவது வழக்குப் போட்டால் நட்டத்தைக் கம்பனி ஏற்கும்படி காப்புறுதி எடுத்திருந்தாள். அன்றைக்கு மெல்பேர்ணில் ஒரு வீட்டுக்குப் பிளான் வரைய ஒப்பந்தம் வந்திருந்தது.

எந்தக் கடுதாசி வந்தாலும் எனக்கு வாசித்துக் காட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தபோது, சாமான் சுற்றி வந்த பேப்பரைக்கூட விளக்கடியில் விரித்து வாசிப்பாள். கருவாட்டு வாசத்தோடு உலகச் செய்தி கேட்ட காலம் அது.

"இது எல்லாம் சட்டம்பா, உங்களுக்குத் தூக்கம் வரும்."

"கருவாட்டுப் பேப்பரையே வாசிச்ச, இது கசக்குதா? ஒப்பந்தம், காப்புறுதிக் கடுதாசி ரெண்டையும் வாசிம்மா."

வாசித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"அப்பா, ஒப்பந்தத்துல அவுஸ்திரேலியச் சட்டம், அந்த ஊர்க் கோர்ட்டுன்னு இருக்கு. காப்புறுதி இலங்கைச் சட்டப்படி, இலங்கைக் கோர்ட் வழக்குக்கு மட்டுந்தானாம். அங்க வழக்கு வந்தா கம்பனி காசு தராது, நம்ம வீடே போயிரும்!"

காப்புறுதிக் கம்பனியிடம் பேசி, கூடுதல் கட்டணத்துக்கு அந்த நாட்டு வழக்கையும் சேர்த்து எழுதி வாங்கிய பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தாள்.

இப்போதெல்லாம் எந்த நாட்டுச் சட்டம், எந்த நாட்டுக் கோர்ட் என்ற பகுதியைத்தான் முதலில் வாசிக்கச் சொல்கிறேன். வெளிநாட்டுக்கு வேலை செய்து கொடுக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருந்தால், இதைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.