மூன்றிலேயே நின்ற பாயாங்கான் டாக்டர்

அறுவை சிகிச்சை பயில, பிலிப்பைன்ஸின் மலைநகரமான பாகியோவில் உள்ள எங்கள் மருத்துவமனைக்கு வந்தபோது பாயாங்கான் டாக்டருக்கு முப்பத்தாறு வயது. அதற்கு முன் எட்டு வருடம் மலையூர் ஒன்றில் தனி டாக்டராக இருந்தவர். கூடப் பயின்றவர்கள் அவரைவிட மிகவும் இளையவர்கள். நான் தியேட்டர் நர்ஸ். அவர் கைக்குக் கருவி எடுத்துக் கொடுத்தவள்.

இங்கே வருடங்களை ஓட்டிவிட்டுத் தேறிவிட முடியாது. ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் ஒரு படிவம், ஒன்று முதல் ஐந்து வரை எண்கள். மூன்று என்றால் ஆசிரியர் அறைக்குள் இருக்க வேண்டும். நான்கு என்றால் வெளியே போகலாம். பயில்பவரும் தனக்கு ஓர் எண் போட்டுக்கொள்ள வேண்டும். கேமரா விட்டுப் பித்தப்பை எடுப்பதில் மற்றவர்கள் நான்கு வாங்கி நகர்ந்துவிட்டார்கள். பாயாங்கானுக்கு மூன்றுக்கு மேல் வரவில்லை. தனக்கு அவர் போட்டுக்கொண்டது எப்போதும் இரண்டு.

கையில் குறையில்லை. ஆனால் சதையைச் சுடும்போது வயிற்றுக்குள் வெண்புகை சுருண்டு எழும். திரையில் அது மலைச்சரிவில் மூடுபனி இறங்குவதுபோல இருக்கும். அவர் கருவியை அசைக்காமல் பார்த்துக்கொண்டே நிற்பார். நாங்கள் எல்லோரும் சத்தமில்லாமல் அந்த வெண்மைக்குள் மிதப்பதாக எனக்கும் தோன்றும்.

"டாக், தூங்கிட்டீங்களா?" என்பேன்.

"இல்ல மானாங். வழி தெரியட்டும்," என்பார். மானாங் என்றால் எங்கள் ஊரில் அக்கா.

மதிப்பெண் போடும் ரோவேனா டாக்டர் அவரைவிட நான்கு வயது சிறியவர். ஒருநாள் படிவத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உங்களுக்கே உங்க மேல நம்பிக்கை இல்ல. நான் எதை நம்பி வெளிய போறது?"

பாயாங்கான் படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டார். காது சிவந்திருந்தது.

அடுத்த செவ்வாய், காய்கறி லாரி ஓட்டும் ஒருவருக்கு ஆபரேஷன். ரோவேனா ஒரு ஸ்டூலை இழுத்து, திரைக்கு முதுகு காட்டி, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். வெளியே பைன் மரங்கள் பனியில் பாதி கரைந்திருந்தன.

"கூப்பிட்டா திரும்புவேன். இல்லன்னா இல்ல."

முக்கால் மணி நேரம் பாயாங்கான் கூப்பிடவில்லை. புகை எழுந்தது, அவர் நின்றார், கலைந்தது, மீண்டும் தொட்டார். கனவில் நடப்பவரைப் போல மெதுவாக, ஆனால் தடுமாறாமல். கடைசியில் பித்தப்பைக்குப் போகும் குழாயும் ரத்தக்குழாயும் தனித்தனியாகத் தெரிந்தன.

"டாக், இப்ப பாருங்க. வெட்டுறதுக்கு முன்னாடி நீங்க ஒருதடவை பாத்துடணும்," என்றார் பாயாங்கான்.

ரோவேனா திரும்பினார். நெடுநேரம் பார்த்தார். "ம். வெட்டுங்க," என்று சொல்லி மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று பாயாங்கான் தனக்கு நான்கு போட்டார். ரோவேனா போட்டது மூன்று.

"ஏன் டாக்?" என்று அவரே கேட்டார்.

"நான் உள்ளதானே உக்காந்திருந்தேன்? அடுத்த வாரம் காபி குடிக்க வெளிய போறேன். அப்ப கேளுங்க."

பாயாங்கான் சிரித்தார். அவர் தியேட்டரில் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சொன்னபடியே ரோவேனா கதவுக்கு வெளியே நின்று காபி குடித்தார், நான்கு கிடைத்தது. கூடப் பயின்றவர்களைவிட ஐந்து மாதம் தாமதம். இப்போது மலைமேல் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அவர் ஒருவர்தான் சர்ஜன். போன மாதம் என் தங்கையின் பித்தப்பையை அவர்தான் எடுத்தார். "ரொம்ப நேரம் ஆச்சு மானாங், மன்னிச்சுக்கோங்க," என்று போனில் சொன்னார்.